முந்நூற்று நாலு

சீட்டாட்டம் என்றாலே பெரியோர் முகஞ் சுளிப்பர். பணம் வைத்தாடுவதை நாமும் ஆதரிக்கவில்லை. ஆயினும் பதுளைத் தோட்ட லயத்தில், ஞாயிறு மாலைகளில், பெரியப்பா கற்பித்த 'முந்நூற்று நாலு' இன்றும் நமக்கு ஆசானாக விளங்குகிறது.

ஆடுவோர் நால்வர், எதிரெதிரே அமர்வோர் ஒரு கட்சி. சீட்டு 32. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2; எட்டும் ஏழும் வெறுஞ்சீட்டு. ஓரினத்துக்கு 76, நான்கினமும் கூடினால் 304. முதல் நான்கு சீட்டைக் கொண்டே கேட்டு, துரும்பை மறைத்து வைத்தல் வேண்டும்.

ஒருநாள் ஆட்டினில் ஜாக், ஒன்பது, ஆஸ், பத்து நான்கும் நம் கைக்கு வந்தன. இதனினும் வெற்றிக் கை ஏது? துணிந்து 200 கேட்டோம். பின்வந்த நான்கும் வெறுஞ்சீட்டுகள். மற்ற மூன்று ஜாக்குகளும் எதிர்க்கட்சியிடம்! 110 பறிபோயிற்று, தோற்றோம்.

நம் ஜோடியான பெரியப்பா சினக்கவில்லை. "ஒன் கைய மட்டும் பாத்தா போதுமாப்பா? மத்த மூணு கையும் இருக்குல்ல?" என்றார்.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கெனப் பங்கிட்டது. அந்தச் சீட்டு பெரியப்பாவுக்கு விழுந்தது. கேட்கும் உரிமை அவருக்கில்லை. பதுளையில் ரயிலேறித் தலைமன்னாருக்குப் புறப்பட்ட அன்று, அழுக்கேறிய சீட்டுக்கட்டை நம்மிடம் தந்தார்.

கட்டில் 32 சீட்டும் குறையாமலுள்ளன. எதிரே அமர்ந்தவர்தாம் இல்லை.