சிசிடிவி பதிவு அழிவதற்கு முன்னால்...

கடையில் ஏதாவது காணாமல் போனால் எல்லோரும் சொல்வது, "கேமராதான் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான். ஆனால் கேமராவில் பதிவாவது ஒன்று, அந்தப் பதிவு கைக்கு வந்து சேர்வது வேறொன்று. இடையில் ஒரு கேபிளும் ஒரு ரௌட்டரும் ஒரு பென் டிரைவும் இருக்கின்றன. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் 4 கேமராக்களுக்கு 16 மெகாபிட், அதாவது 2 மெகாபைட். ஒரு நாளைக்குச் சுமார் 173 ஜிகாபைட். 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் ஆறு நாள் முடிவதற்குள் நிரம்பிவிடும். அதன்பிறகு கருவி பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதத் தொடங்கும். திருட்டு நடந்தது நான்கு நாள் கழித்துத் தெரிந்தால், மிச்சம் இரண்டு நாள்கூட இல்லை! எனவே முதல் வேலை, கருவியில் பதிவைப் பூட்டும் வசதி இருந்தால் அந்த நேரத்துப் பதிவைப் பூட்டி வைப்பது. "அந்த நேரத்தில் பதிவே இல்லை" என்று வந்தால், கருவியின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கணினியில் கருவி தெரியவில்லை என்றதும் பலரும் அவசரப்பட்டு ரீசெட் செய்துவிடுகிறார்கள். அமைப்புகள் எல்லாம் போய், ஒரு சிக்கல் நான்காகிவிடுகிறது. கீழிருந்து மேலே ஒவ்வொரு படியாகப் போவதே நல்லது. கேபிள் செருகிய இடத்தில் விளக்கு எரிகிறதா? கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டுகிறதா? அடுத்தது ஐபி முகவரி. கருவி 192.168.1.50 என்றும் கணினி 192.168.0.10 என்றும் இருந்து, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 ஆக இருந்தால், ஒரே சுவிட்சில் இணைத்திருந்தாலும் இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். பிங் செய்து பதில் வந்த பிறகும் உள்ளே நுழைய முடியவில்லை என்றால்தான் கடவுச்சொல்லையோ மென்பொருளையோ சந்தேகிக்க வேண்டும்.

இணைப்பு கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வராது. 20 ஜிகாபைட் பதிவை எடுக்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். இது கோளாறு இல்லை, கணக்கு. "ஹேங் ஆகிவிட்டது" என்று நினைத்து நடுவில் கேபிளைப் பிடுங்கினால்தான் கோளாறு. எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற குறிப்பு பெரும்பாலும் கடைசியில் எழுதப்படும். அது வந்து சேராத கோப்பு தொண்ணூறு சதவீதம் நகலாகியிருந்தாலும் சாதாரண பிளேயரில் திறக்காது.

இன்னொரு பழைய எதிரி ஃபேட்32. அந்த முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும், 4 ஜிகாபைட் அளவுள்ள ஒரே கோப்பை வைக்க முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றலாம், அல்லது பதிவை ஒரு மணி நேரத் துண்டுகளாக எடுக்கலாம். சில கருவிகள் தமக்கென்று ஒரு கோப்பு வடிவம் வைத்திருக்கும். அப்படியானால் அதற்குரிய பிளேயரையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நகல் முடிந்ததும் இரண்டு கோப்புகளின் அளவும் ஒன்றா என்று பார்த்து, வேறொரு கணினியில் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்த்தால்தான் பதிவு கிடைத்ததாக அர்த்தம்.

இதையெல்லாம் திருட்டு நடந்த பதற்றத்தில் கற்றுக்கொள்வது கஷ்டம். ஒன்றும் நடக்காத ஒரு சாதாரண நாளில், பத்து நிமிடப் பதிவை எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டால் போதும். எந்தப் படியில் தடுக்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும். அன்று அவசரம் எதுவும் இருக்காது.