தண்ணி கடிக்குது

போன வாரம் நண்பர் ஒருவர், தன் மகன் வாங்கப்போகும் பழைய வீட்டைப் பார்க்க என்னையும் அழைத்துப் போனார். ரிடையர் ஆனவனுக்கு இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கு. மற்றவர்கள் வாஸ்து பார்த்தார்கள், சமையலறையில் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தார்கள். நான் நேராக பாத்ரூமுக்குப் போய் நாலு சுவரையும் பார்த்தேன்.

"என்ன சார் தேடறீங்க?" என்றார் புரோக்கர்.

"ஃபியூஸ் பாக்ஸ்."

அவர் சிரித்துவிட்டார். "அதை யாரு சார் பாத்ரூம்ல வைப்பாங்க?"

நாங்கள் வைத்திருந்தோம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினேழு வருஷம்.

கும்பகோணத்தில் அப்பா 1968-இல் கட்டிய வீடு எங்களுடையது. வாசலில் திண்ணை, அப்புறம் ரேழி, கூடம், கடைசியில் கொல்லை என்று நீளமாகப் போகும். திண்ணைச் சுவரில் கரண்ட் மீட்டர். அதே சுவருக்கு உள்பக்கம், ரேழியை ஒட்டி ஒரு சின்ன அறை. அங்கே ஒரு மரப்பலகையில் இரும்புப் பெட்டி போட்ட மெயின் சுவிட்சும், வரிசையாகப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளும் இருக்கும். நெல் மூட்டையும் அப்பாவின் சைக்கிளும் அந்த அறையில்தான் கிடக்கும். அது வரைக்கும் எல்லாம் சரி.

1994-இல் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. கட்டு பிரித்து வீட்டுக்கு வந்தபின், கொல்லைக் கோடியில் இருந்த குளியலறை வரைக்கும் அவரால் நடக்க முடியவில்லை. நான் அப்போது வெளியூரில் வங்கி வேலையில் இருந்தேன். பத்து நாள் லீவு போட்டு வந்து, அந்தச் சின்ன அறையையே பாத்ரூமாக மாற்றினேன். டைல்ஸ் போட்டு, உட்காருகிற மாதிரி கக்கூஸ் வைத்து, சுவருக்குள் இரும்புக் குழாய் பதித்து எல்லாம் முடிகிற நேரத்தில் கொத்தனார் அந்தப் பலகையைக் காட்டி, "இதை என்ன சார் பண்றது?" என்று கேட்டார்.

அதை இடம் மாற்றினால் வயரெல்லாம் புதிதாக இழுக்க வேண்டும். எனக்கு லீவு இரண்டு நாள்தான் பாக்கி. "இப்போதைக்கு ஒரு கதவு போட்டு மூடிடுங்க. அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன்.

அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

அதை வைத்து வீட்டில் நிறையச் சிரித்திருக்கிறோம். ஒரு தீபாவளிக்கு அப்பா உள்ளே தாழ்ப்பாள் போட்டுக் குளித்துக்கொண்டிருக்கும்போது ஃபியூஸ் போய்விட்டது. வீடே இருட்டு. ஃபியூஸ் கட்டையோ அப்பாவோடு உள்ளே. கதவைத் தட்டிக்கொண்டு வெளியே ஏழு பேர். பத்து நிமிஷத்தில் விளக்கு எரிந்தது. இடுப்பில் ஈரத்துண்டோடு அப்பா வெளியே வந்து, "நானே கம்பி சுத்திப் போட்டுட்டேன்" என்றார் பெருமையாக. நாங்கள் கைதட்டினோம்.

இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஈரத்தரையில், ஈர உடம்போடு, இருட்டில், மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் கையை விட்டிருக்கிறார். அவருக்கு உள்ளே ஏதாவது ஆகியிருந்தால், கரண்டை நிறுத்த வேண்டிய சுவிட்சும் தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம்தான். மெயினை ஓடிப்போய் அணைப்பது என்ற பேச்சுக்கே அந்த வீட்டில் இடமில்லை.

அப்பா 2003-இல் காலமானார். அவரைக் கரண்ட் ஒன்றும் செய்யவில்லை. நான் 2008-இல் ரிடையர் ஆகி மனைவியோடு ஊருக்கே வந்துவிட்டேன். அந்த பாத்ரூம் அம்மாவுக்கென்று ஆயிற்று. அடுத்த வருஷம், தெருவிலிருந்து வாசல் வரை வந்த பழைய இரும்புத் தண்ணீர்க் குழாய் துருப்பிடித்து ஒழுகியது. அதைத் தோண்டி எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டோம். சுவருக்குள் இருந்த இரும்புக் குழாயைத் தொடவில்லை.

அதற்குச் சில மாதம் கழித்துதான் அம்மா சொல்ல ஆரம்பித்தாள். "குழாயைத் தொட்டா கை சுருக்குங்குதுடா."

அம்மாவுக்குச் சர்க்கரை இருபது வருஷமாக உண்டு. டாக்டரிடம் கூட்டிப் போனேன். "கை மரத்துப்போகிறதாம்" என்று நான்தான் சொன்னேன். சர்க்கரைக்காரர்களுக்கு நரம்பு பாதிக்கும் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர்மேல் தப்பில்லை. அம்மா சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன், மாற்றிச் சொன்னதற்கு அவர் மருந்து கொடுத்தார்.

மாத்திரைக்குக் கேட்கவில்லை. "வெந்நீர் வெச்சுக் குளிச்சா ஜாஸ்தியா இருக்கு. மழை நாள்லயும் அப்படித்தான்" என்றாள். நானும் போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. "உனக்குப் பிரமைம்மா" என்றேன். என் காலில் ரப்பர் செருப்பு இருந்தது. அம்மா வீட்டுக்குள் ஒரு நாளும் செருப்புப் போட்டதில்லை. இந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

2011 மே மாதம். லீவுக்கு வந்திருந்த பேரனுக்கு அப்போது ஆறு வயது. பாத்ரூமிலிருந்து அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தான். "தாத்தா, தண்ணி கடிக்குது!"

சின்னப் பையனுக்குச் சர்க்கரை இல்லை, பிரமையும் இல்லை.

எலக்ட்ரீஷியன் வந்து குழாயில் டெஸ்டரை வைத்தார். சிவப்பாக எரிந்தது. "மெயின் எங்க சார்?" என்றார். நான் குழாய்க்கு மேலே இருந்த மரக்கதவைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். பிறகு பின்னாலேயே நடந்து வெளியே வந்து, "யாரும் உள்ள போகாதீங்க" என்றார். மின்வாரிய ஊழியரை வரவழைத்து, திண்ணையில் மீட்டருக்கு முன்னால் இருந்த கட்-அவுட்டை எடுக்கச் சொல்லி, கரண்ட் நின்றபிறகுதான் பலகையில் கை வைத்தார்.

கதவைத் திறந்தால் பலகை கறுத்து ஊறிப்போயிருந்தது. பதினேழு வருஷத்து வெந்நீர் ஆவி. ஈரமான மரம் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் கசிந்து மெயின் சுவிட்சின் இரும்புப் பெட்டிக்கு வந்திருக்கிறது. அந்தப் பெட்டிக்கு எர்த் எங்கே? பழைய வீடுகளில் பல இடங்களில் செய்ததுபோலத் தண்ணீர்க் குழாயில்தான் எர்த் கம்பியைச் சுற்றியிருந்தார்கள். தெரு வரை இரும்புக் குழாய் மண்ணில் புதைந்திருந்த காலத்தில், கசிவு அதன் வழியாக மண்ணுக்குப் போயிற்று. நாங்கள் பிளாஸ்டிக் குழாய் போட்ட அன்றோடு அந்த வழி அடைந்துவிட்டது. எர்த்தாக இருந்த குழாயே கரண்ட் கம்பி ஆகிவிட்டது. கொல்லை ஈர மண்ணில் ஒரு கம்பியை அடித்து மீட்டரில் பார்த்தார். குழாயில் 90 வோல்ட்.

"அப்ப ஃபியூஸ் ஏன் போகலை?" என்று கேட்டேன். என்னைப்போல எத்தனையோ பேர் ஃபியூஸ் நம்மைக் காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது காப்பது வயரை, மனிதனை இல்லை. எங்கள் வீட்டு ஃபியூஸ் 15 ஆம்பியர். ஆளைக் கொல்ல 15 ஆம்பியர் வேண்டாம், அதில் ஐந்நூறில் ஒரு பங்கு, 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. நனைந்த உடம்பு வழியாக 230 வோல்ட் பாய்ந்தால் போகிற மின்சாரம் கால் ஆம்பியர் அளவுக்கு இருக்கலாம். ஃபியூஸுக்கு அது ஒரு சின்ன பல்பு எரிகிற கணக்கு. அசையாது. இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிற எம்.சி.பி.யும் அப்படித்தான்.

ஆளைக் காப்பதற்கென்று இருப்பது ஆர்.சி.சி.பி. வீட்டுக்குள் போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வழிதவறிப் போனால் கண் இமைக்கும் நேரத்தில் மொத்தத்தையும் அணைத்துவிடும். ஒரு கையில் ஒரு கம்பி, மறு கையில் இன்னொரு கம்பி என்று பிடித்தால் அதற்கும் தெரியாது. ஆகவே அது இருக்கிறதென்று அலட்சியம் கூடாது.

நாலு நாளில் எல்லாம் ரேழிக்கு மாறியது. 1994-இல் நான் மிச்சம் பிடித்த அதே நாலு நாள். கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுத் தனியாக எர்த் இறக்கினார்கள். ஆர்.சி.சி.பி. மாட்டிய உடனே அது விழுந்தது. தேடினால் கிணற்று மோட்டாரிலும் கசிவு. அதையும் சரிபார்த்தோம். பிற்பாடு தேடிப் படித்தபோது, நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பே குளியலறை, கழிப்பறை, சமையலறையில் சுவிட்ச்போர்டு வைக்கக் கூடாது என்று சொல்வதைப் பார்த்தேன். அமெரிக்க விதியும் வீட்டுக் குளியலறையில் ஃபியூஸுக்கு இடம் தருவதில்லை. விதி இருந்தது. எனக்குத்தான் லீவு இல்லை.

வேலை முடிந்த அன்று அம்மாவிடம் போய், "நீ சொன்னது சரிதாம்மா" என்றேன். கூடத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நான் குழாய்னு சொன்னேன். நீ கைன்னு கேட்டே" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. 2016-இல் போய்ச் சேர்ந்தாள், சர்க்கரையினால்தான்.

ஆர்.சி.சி.பி.யில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். ஒன்றாம் தேதி காலையில் அழுத்துவேன். டக்கென்று வீடு முழுக்க நின்றுபோகும். "சொல்லிட்டுச் செய்யக் கூடாதாங்க, மிக்ஸி ஓடிட்டிருக்கு" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும்.

நண்பரின் மகன் பார்த்த வீட்டில் ஃபியூஸ் பாக்ஸ் ஹாலில்தான் இருந்தது. "எர்த் எங்கே?" என்று கேட்டேன். புரோக்கருக்குத் தெரியவில்லை. முன்பணம் கொடுக்கும் முன் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது, முக்கியமாக வயதானவர்கள், குழாயோ கிரைண்டரோ சுருக்கென்கிறது என்று சொன்னால், என்னைப்போலத் தொட்டுப் பார்க்கப் போகாதீர்கள். செருப்போடும் வேண்டாம், செருப்பில்லாமலும் வேண்டாம். முடிந்தால் மெயினை அணையுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டாக்டர் அப்புறம்.