ஐந்து கோப்பைகளும் ஒரு தேத்தண்ணியும்

கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் காபிக்குள்ள மரியாதை தேநீருக்கு இல்லை. தேநீர் என்பது அலுவலக வாசலில் மண்குவளையில் அருந்திவிட்டு எறிவது; வீட்டில் விருந்தினருக்குக் காபிதான். எங்கள் இல்லம் இதற்கு விலக்கு. எங்கள் தாயார், பிள்ளைகளுக்கு அப்பாயி, காபியைத் தொடுவதேயில்லை.

சென்ற குளிர்காலத்தில், எட்டாம் வகுப்பில் பயிலும் மகன் பாஸ்டன் துறைமுக நிகழ்ச்சியைப் படித்துக்கொண்டிருந்தான். 1773 டிசம்பர் 16 இரவில் அமெரிக்கக் குடியேற்றத்தார் மூன்று கப்பல்களில் ஏறித் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய வரலாறு அது. “கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை என்றால் நம் அசாம் தேயிலைதானே?” என்று வினவினான். அன்று. அக்காலத்தில் இந்தியாவில் தேயிலைத் தோட்டமே தோன்றவில்லை. அசாம் தேயிலை லண்டனில் முதன்முதலாக ஏலம் போனது 1839இல்தான். பாஸ்டன் கடலில் கரைந்தது முழுவதும் சீனத் தேயிலை. போஹியா, காங்கூ, சூச்சாங், சிங்லோ, ஹைசன் என அதில் ஐந்து வகை. போஹியா மட்டும் 240 பெட்டிகள்.

அந்த ஐந்தையும் சுவைத்துப் பார்த்தாலென்ன என்று தோன்றிற்று. பெயர் மாறாமல் எல்லாம் கிடைப்பது அரிது. எனினும் இந்நகரத்துப் பழைய தேயிலைக் கடையொன்றில் அவற்றின் நெருங்கிய உறவுகளை ஐம்பது ஐம்பது கிராமாக வாங்கிவந்து, ஒரு ஞாயிறு பிற்பகல் ஐந்து கோப்பைகளை வரிசையாக வைத்தோம். பாலும் சர்க்கரையும் கூடாது என்றதும் மகளின் முகம் வாடிவிட்டது.

போஹியா என்பது ஊர்ப்பெயர். புஜியான் மாநிலத்து வூயி மலையின் பெயர் வணிகர் வாயில் திரிந்தது. சிங்லோவும் மலைப்பெயரே. சூச்சாங் என்றால் சிறுவகை. ஹைசன் பசுந்தேயிலை, அதனை ஒரு வாய் பருகிய மகள், பட்டாணி வேகவைத்த நீர்போல இருப்பதாகத் தீர்ப்பளித்தாள். தீர்ப்பு எதுவாயினும் பெயர் அழியவில்லை. இந்தியப் பசுந்தேயிலையில் ஒரு தரத்தை இன்றும் ‘யங் ஹைசன்’ என்றே விற்கின்றனர்.

இவற்றுக்கு விலையாகச் சீனர் பெரிதும் கேட்டது வெள்ளி. வெள்ளி கொடுத்து மாளாத கம்பெனி வேறு வழி கண்டது. அதே 1773இல் வங்காளத்து அபினியைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. நாங்கள் அன்றாடம் டிராமிலும் பஸ்ஸிலும் கடந்து செல்லும் இந்நகரத்திலேதான் அது ஏலம் விடப்பட்டுச் சீனத்துக்குக் கப்பலேறிற்று. பாடநூல் தேயிலையை ஒரு பக்கத்திலும் அபினியை வேறொரு பக்கத்திலும் வைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றிப் பிள்ளைகளுக்கு எதுவும் விளங்காது என்பது எங்கள் கருத்து.

“அந்தத் தேத்தண்ணியில எனக்கும் கொஞ்சம் குடுங்கப்பா” என்றார் அப்பாயி. அச்சொல்லைக் கேட்டால் பிள்ளைகளுக்கு எப்போதும் சிரிப்பு வரும். அண்டை வீட்டு வங்காளிகளுக்கு அது ‘சா’, பள்ளியில் ‘சாய்’. அன்று அவர்களுக்கு விளக்கினோம்: புஜியான் கடற்கரையார் அவ்விலையை ‘தே’ என்பர், டச்சுக்காரர் கப்பலில் ஏறி உலகைச் சுற்றியது அச்சொல். தரைவழியே வந்தது ‘சா’. ஆக, போஹியா விளைந்த சீமையின் சொல்லைத் தண்ணீரோடு சேர்த்து வைத்திருப்பவர் இவ்வீட்டில் அப்பாயி ஒருவரே. மகன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

சூச்சாங் பைன் விறகின் புகையில் உலர்த்தப்பட்டது. அக்கோப்பையை முகர்ந்த அப்பாயி நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, “மழைக்காலத்துல லயத்துக்குள்ள ஈரவிறகு புகையுமே, அந்த வாசம்” என்றார்.

அவர் பிறந்தது பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று எண்ணிப் பிரித்தது. அவ்வெண்ணில் ஒருவராக, 1974இல், பத்தொன்பது வயதில், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்தார். மண்டபம் முகாம், பின்னர் தாயகம் திரும்பியோருக்கென அரசு அமைத்த கூடலூர்த் தேயிலைத் தோட்டம். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் அவர் சொன்னதில்லை.

அன்று சொன்னார். விடியுமுன் பெரட்டுக்கு ஓட வேண்டும். பிந்தினால் அன்றைய பேர் கிடையாது. கொழுந்து நனைந்திருக்கிறதென்று நிறுவையில் இரண்டு றாத்தல் கழித்துக்கொள்வார்கள். நனைத்தது மழை, கழிவது கூலி. பறித்த கொழுந்து எந்த நாட்டுக்குப் போயிற்றோ, லயத்துக்கு வந்தது தூசித்தூள். “இலையாப் போட்ட தேத்தண்ணிய இன்னைக்குத்தான் குடிக்கிறேன்” என்றார். மகள் தன் கோப்பையையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

சூச்சாங்கின் விலையைக் கேட்டார். நூறு கிராமுக்கு என்று சொன்னதும் கணக்குப் போடத் தொடங்கிப் பாதியிலேயே விட்டுவிட்டார். பிறகு பேத்தியைப் பால்கனிக்கு அழைத்துச் சென்று, செம்பருத்தித் தொட்டியின் முன் நிறுத்தி, இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளும் முறையைக் காட்டினார். நகம் படக்கூடாதாம், விரலால் ஒடிக்க வேண்டுமாம். “ஒரு நாளைக்கு எத்தனை, அப்பாயி?” என்று அவள் கேட்பது உள்ளே கேட்டது.