மேல்வீட்டு மாமாவின் புல்தரை

அன்புள்ள கமலா,

இதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எங்கள் மேல்வீட்டு மாமா, அதுதான் பேங்க் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர், அவருக்குப் புல்தரை ஆசை வந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டுமாம். குன்னூர் வீடுகள்தான் உனக்குத் தெரியுமே, லாரி ரோட்டோடு சரி. அதற்குமேல் கல்படி, ஒன்று சாண் உயரம், அடுத்தது முழ உயரம்.

செம்மண்ணும் எம்-சாண்டும் யூனிட் கணக்கில் வந்து இறங்கின. ஒரு யூனிட் 100 கன அடி. மணல் மட்டுமே நாலு, நாலரை டன் தேறும். சுமைக்காரர்கள் கேட்ட கூலி மாமாவுக்குக் கொள்ளையாகத் தெரிந்ததாம். பெங்களூர்ப் பிள்ளை படியேறும் தள்ளுவண்டி ஒன்றை அனுப்பிவைத்தான். பக்கத்துக்கு மூன்று சக்கரம், சுழன்று சுழன்று ஏறுமாம். ஃப்ளாட் படிக்கட்டில் ஏறும், ஏன் ஏறாது! இங்கே முழ உயரப் படி வந்ததும் நட்டுக்கொண்டு நின்றது. மூட்டை வாய்பிளந்து மண்ணெல்லாம் எங்கள் வாசலில். ராத்திரி தூறல் வேறு.

மறுநாள் அதே ஆட்களைத்தான் கூப்பிட்டார். ஈர மண் கனக்கும் என்று கூலியைக் கூட்டிவிட்டார்கள், நியாயந்தானே? பழைய துண்டைச் சுருட்டிச் சும்மாடு, அதன்மேல் சட்டி. கழுத்து அசையவில்லையடி, முழங்கால்தான் அத்தனை வேலையும் செய்கிறது. சட்டியை விளிம்புவரை நிரப்புவதே இல்லை. “இன்னும் கொஞ்சம் போடலாமே” என்றார் மாமா. “நீங்க ஒரு நடை தூக்கிக் காட்டுங்கய்யா, அப்புறம் போடறோம்” என்றாள் சட்டி தூக்கிய அக்கா. ஜன்னல் திரைக்குப் பின்னால் நான் சிரித்த சிரிப்பு!

புல்தரைக்கான கல் பெஞ்சு ஏறியதுதான் வித்தை. படிமேல் பலகை போட்டு, ஆட்கள் மேலிருந்து ஒரு வடத்தை இழுத்தார்கள். இன்னொரு வடம் சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி. கல் ஏற ஏற ஒருவன் அந்த வடத்தின் தொய்வை வாங்கிக்கொண்டே இருந்தான். மூச்சு வாங்க நின்றாலும் கல் ஓர் அங்குலம் பின்னால் வரவில்லை. கீழ்ப்படியில் ஒருவரையும் நிற்கவிடவில்லை. காபி கொண்டுவந்த மாமியையே விரட்டிவிட்டார்கள்.

மாமி நேரே என் அடுப்படிக்கு வந்து புலம்பினாள்: “புல்லு யாருக்கு வேணும்? நான் கேட்டது நாலு ரோஜாத் தொட்டி. அதுவும் கீழே, ரோட்டோரமா.”

மீதியை நேரில் சொல்கிறேன். எப்போது வருகிறாய்?

உன் பழைய ரூம்மேட்