நடைக் கணக்கு

நெடுந்தூர லோரி ஓட்டத் தொடங்கிய நம் தம்பிக்கு, "கடன் தீருமட்டும் ஒரு நடையும் விடாதே" என்று கணக்குக் காட்டியவர் கிராணியாகிய நாமே. 1994-இல் முழுமையுற்ற வடக்கு தெற்கு நெடுஞ்சாலை, புக்கிட் காயு ஹீத்தாம் முதல் ஜொகூர் பாரு வரை ஏறத்தாழ 770 கிலோமீட்டர். அவனுக்கோ நடைக்குத்தான் கூலி. சரக்கிறக்கக் காத்துக் கிடக்கும் இரவுகளுக்கு இல்லை.

ஒன்பதாம் நாள் வீடு வந்தவனைக் கண்டு, இரண்டு வயது மகள் தாயின் பின்னே ஒளிந்தாள். உண்டான், உறங்கினான், மீண்டும் புறப்பட்டான்.

"விருந்தாளிக்குச் சோறு போடவா மாமா வாழ்க்கைப்பட்டேன்?" என்றாள் அவன் மனைவி. நமக்கு வாயடைத்தது. பிறர் வேலைநாளைப் பதியும் நாம், அவள் உழைப்பை எந்தப் பேரேட்டிலும் பதிந்தோமில்லை!

இப்போது வாரம் ஒரு நடையை விடுகிறான். அன்று உறங்கியெழுந்தபின் துவைப்பதும் குழந்தைக்கு ஊட்டுவதும் அவன் பங்கு. கடன் தீரச் சில திங்கள் கூடும், கூடட்டும், தோழர்களே!