தம்பானூர் போர்டுகள்

மலையாளம் வாசிக்க எனக்கு வாத்தியார் கிடையாது. திருவனந்தபுரத்துத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் படித்ததுதான். நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-இல். அதற்கு முன்பு எங்களுக்குத் திருவனந்தபுரம் என்றால் பஸ்தான். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை தாண்டி, இடுப்பொடிய வந்து இறங்குவோம். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தபடி எதிரே நிற்கும் பஸ்ஸின் நெற்றியைக் காட்டுவார்.

"வாசி மக்கா."

க-வும் வ-வும் நம்ம எழுத்துக்குத் தங்கச்சிமார் மாதிரி; சட்டென்று பிடிபட்டன. மற்றவை பயணத்துக்கு ஒன்றிரண்டாக வந்து சேர்ந்தன. நெடுமங்காடு என்று திக்காமல் வாசித்த அன்றைக்கு ஒரு பொட்டலம் கடலை கிடைத்தது.

தம்பானூர் ஒரு காலத்தில் வயலும் சதுப்புமாகக் கிடந்த இடம். 1918-இல் கொல்லத்திலிருந்து வந்த ரயில் சாக்கையோடு நின்றது. 1931-இல்தான் தம்பானூர் வரை நீண்டது; கருங்கல் ஸ்டேஷன் எழுந்தது. 1938 பிப்ரவரி 20-இல் திருவிதாங்கூர் அரசு பஸ் ஓட்டத் தொடங்கியது. லண்டனிலிருந்து வந்த சால்டர் என்ற அதிகாரியின் மேற்பார்வையில், கோமர் கம்பெனி சேஸிஸின் மேல் உள்ளூர்த் தொழிலாளிகளே கூடு கட்டினார்கள். மழை வந்தால் சடசடவென்று இறக்கிவிடும் தார்ப்பாய்த் திரையை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கைகளுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும்.

சமீபத்தில் போனேன். பழைய ஸ்டாண்டு இருந்த இடத்தில் அடுக்குமாடி டெர்மினல். பக்கத்தில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ், செங்கல் சுருளாக அப்படியே நிற்கிறது. சரிந்து ஏறும் தரையில் நடந்து, சுவரோடு சேர்த்துக் கட்டிய இருக்கையில் உட்கார்ந்தேன். அதே விசிறித் தலைப்பாகை, பீட்ரூட் போட்ட அதே மசாலா தோசை. சுவரின் செங்கல் துளை வழியே வெளிச்சம் மேசையில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. ஒரு காபிக்கு வந்தவன் ஒரு மணி நேரம் இருந்தேன்.

வெளியே வந்ததும் ஆமயிழஞ்சான் தோட்டின் நினைவு வந்தது. தண்டவாளங்களுக்கு அடியில் ஓடும் அந்தக் கால்வாயில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவரை 2024 ஜூலையில் வெள்ளம் இழுத்துப் போனது. இரண்டு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. மேலே இத்தனை மாடி கட்டத் தெரிந்த ஊர், கீழே ஒரு மனிதனை வெறுங்கையோடு இறக்கியிருக்கக் கூடாது. என்னால் அதை ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

நாகர்கோவில் பஸ் வந்து நின்றது. போர்டில் தமிழும் இருந்தது, மலையாளமும் இருந்தது. நான் மலையாளத்தைத்தான் முதலில் வாசித்தேன், உரக்க.