நாலுல ஒண்ணு

"நாலுல ஒரு குழந்தைக்குத்தான் வரும்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க? மூத்தவனுக்கு வந்துடுச்சு. அப்ப அடுத்த மூணுக்கும் வராதுல்ல?"

இதைக் கேட்டப்ப அந்தப் பொண்ணுக்குப் பதினாறு வாரம். பக்கத்துக் கட்டில்ல அவங்க அஞ்சு வயசுப் பையனுக்கு ரத்தம் ஏறிட்டிருந்தது. தலசீமியா மேஜர். மூணு வாரத்துக்கு ஒருமுறை எங்க வார்டுக்கு வந்துடுவான்.

சொன்னது நான்தான். ஒரு வருஷம் முன்னாடி, ஓபி கூட்டத்துக்கு நடுவுல, நின்னுக்கிட்டே, ஒரே நிமிஷத்துல. கணக்கு சரிதான், சொன்ன விதம்தான் தப்பு. அன்னிக்குச் சொல்லாம விட்டதை இன்னிக்கு உங்களுக்குச் சொல்றேன். (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

நம்ம உடம்புல கிட்டத்தட்ட எல்லா செல்லுக்குள்ளயும் 46 குரோமோசோம் இருக்கு. 23 ஜோடி. ஜோடியில ஒண்ணு அம்மா குடுத்தது, இன்னொண்ணு அப்பா குடுத்தது. குரோமோசோம்னா நூல்கண்டு மாதிரி இறுக்கிச் சுத்தி வச்ச டிஎன்ஏ இழை. அந்த இழையில அங்கங்க இருக்கிற செய்முறைக் குறிப்புதான் ஜீன். ஹீமோகுளோபின்ல பீட்டா குளோபின்னு ஒரு புரதம் உண்டு. அதுக்கான குறிப்பு 11வது குரோமோசோம்ல இருக்கு. ஜோடிங்கறதால, நம்மகிட்ட அது ரெண்டு பிரதி.

ஒரு பிரதியில பிழை இருந்தா இன்னொண்ணு சமாளிச்சிடும். ஆள் நல்லாத்தான் இருப்பார். லேசா ரத்தம் கம்மியா காட்டும், அவ்வளவுதான். இவங்களைத்தான் கேரியர்னு சொல்றோம். ரெண்டு பிரதியும் பிழைன்னா தலசீமியா மேஜர். காலம் முழுக்க ரத்தம் ஏத்தணும். ஏத்துற ரத்தத்தோட சேர்ந்து வர்ற இரும்புச்சத்து இதயத்துலயும் கல்லீரல்லயும் படியும். அதை வெளியேத்த தினமும் மாத்திரை.

சரி, நாலுல ஒண்ணு எங்கேருந்து வருது? கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது ஜோடி பிரியும், பாதிதான் உள்ள போகும். 23. நல்ல பிரதி போகுமா, பிழையான பிரதி போகுமாங்கறது பூவா தலையா மாதிரி. அம்மா ஒரு காசு சுண்டறாங்க, அப்பா ஒரு காசு சுண்டறார். ரெண்டும் பூ விழ வாய்ப்பு நாலுல ஒண்ணு.

ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் காசைப் புதுசா சுண்டணும். இதைத்தான் நான் சொல்லாம விட்டேன்.

அந்தப் பொண்ணுக்கு முகம் வெளுத்துப் போச்சு. கூட வந்த பாட்டிதான் சட்டுனு பிடிச்சாங்க: "போன ஆட்டத்துல தாயம் விழுந்தது கட்டைக்கு ஞாபகம் இருக்குமாடி?" நான் ஒரு வருஷமா புரிய வைக்காதது ஒரே வரியில முடிஞ்சது.

அந்தப் பாட்டி அவளுக்கு அம்மாச்சி. மாமியாரும் அவங்கதான். தாய்மாமனைக் கட்டின கல்யாணம்.

"எங்க பரம்பரையில யாருக்குமே இது இல்லையே டாக்டர்"னு எல்லாக் குடும்பமும் சொல்லும். உண்மைதான், நோய் இருந்திருக்காது. ஆனா பிழையான பிரதி சத்தமில்லாம தலைமுறை தலைமுறையா இறங்கிட்டிருக்கும். ஒரு ஆள் கேரியர்னா, அவரோட அக்கா மகளும் அதே பிரதியோட இருக்க வாய்ப்பு நாலுல ஒண்ணு. மாமன் மகள், அத்தை மகள்னா எட்டுல ஒண்ணு. சொந்தத்துல கட்டாதவங்களுக்கும் தலசீமியா குழந்தை பிறக்கும். ஆனா ஒரே பிழை ரெண்டு பக்கமும் வந்து சேர, சொந்தத்துல வழி சுலபம்.

அம்மாச்சிக்கு முப்பது வருஷமா "ரத்த சோகை". முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்பு மாத்திரை, எதுக்கும் ஏறல. ரத்தத்தை ஹெச்பிஎல்சி டெஸ்ட்டுக்கு அனுப்பினோம். கேரியர். மகனுக்கும் மகளுக்கும் அவங்க குடுத்த பிரதிதான் பேரன்கிட்ட வந்து ஒண்ணு சேர்ந்திருக்கு.

"அப்ப என்னாலயா தம்பி?"ன்னு கேட்டாங்க. "உங்களுக்கு யார் குடுத்தாங்களோ அவங்களும் தெரிஞ்சு குடுக்கலம்மா"ன்னு சொன்னேன். அவங்க பதில் சொல்லல. கொஞ்ச நேரம் பையன் காலைப் பிடிச்சு விட்டுக்கிட்டிருந்தாங்க.

பதினாறு வாரம்ங்கறது தாமதம்தான். கரு உருவான சீக்கிரமே வந்திருந்தா 11, 12 வாரத்துலயே நஞ்சுக்கொடியில துளி எடுத்துப் பார்த்திருக்கலாம். அது தாண்டிட்டதால பனிக்குட நீரை எடுத்தோம். அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் என்ன பிழைன்னு முதல்ல கண்டுபிடிச்சு, அப்புறம்தான் குழந்தைக்குப் பார்க்க முடியும். அந்த நாட்கள்ல அவங்க புருஷன் தினமும் போன் பண்ணுவார். ஒருநாளும் ரிசல்ட் கேட்க மாட்டார். "சாப்பிட்டீங்களா டாக்டர்"னு கேட்டுட்டு வச்சிடுவார்.

குழந்தை கேரியர். ஒரு பிரதி பிழை, ஒண்ணு நல்லது. அம்மா மாதிரியே.

நீங்க கல்யாணத்துக்கோ குழந்தைக்கோ தயாராகிட்டிருந்து, இரும்பு மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறலன்னா, "ஹெச்பிஎல்சி பார்க்கணுமா"ன்னு உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. ஒருத்தர் கேரியர்னா துணைக்கும் பார்க்கணும்.

பொண்ணு பிறந்து இப்ப எட்டு மாசம். அண்ணன் இன்னும் மூணு வாரத்துக்கு ஒருமுறை வர்றான், எந்தக் கையில ஊசி குத்தணும்னு அவனே நீட்டுவான். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குக் கூடப்பிறந்தவங்க திசு பொருந்தினா நல்லது, கேரியரா இருந்தாலும் குடுக்கலாம். அந்த ஜீன்கள் இருக்கறது 6வது குரோமோசோம்ல. அண்ணன் தங்கச்சிக்கு முழுசா பொருந்துற வாய்ப்பு, அதே கணக்குதான், ஏறக்குறைய நாலுல ஒண்ணு.

போன வாரம் பாப்பாகிட்ட சாம்பிள் எடுத்து அனுப்பினோம். அம்மாச்சி கேட்டாங்க, "இந்தத் தடவை தாயம் விழணும்ல தம்பி?"

ஆமாம்மா. ரிசல்ட் இன்னும் வரல.